ஆட்டுப்பட்டி ஓரத்து இரண்டு முட்டைகளும் பக்கி என்னும் பறவையும்

மசினகுடிக்கு அப்பால் சொந்த நிலத்தில் ஆடு வளர்க்கும் ஒருவர் கேட்டிருப்பது இது. பட்டியிலிருந்து நாற்பது அடி தள்ளி, சரளையும் சருகும் கிடக்கும் வெறுந்தரையில், இளஞ்சிவப்பு கலந்த இரண்டு முட்டைகள் கிடக்கின்றன; கூடு என்று சொல்ல ஒரு குச்சிகூட இல்லை. அவர் நடந்து போனபோது காலடியிலிருந்து ஒரு பறவை ஓசையில்லாமல் எழுந்து, சற்றுத் தள்ளி விழுந்து, சிறகொடிந்தது போலத் துடித்துக்கொண்டே போனது. இரவில் சீகூர்ச் சாலையில் நெருப்புத் துண்டு போன்ற கண்ணோடு உட்கார்ந்திருப்பதும் இதுதானா, இது ஆந்தைக் குஞ்சா, ஆட்டுப்பாலைக் குடிக்கும் பறவை என்று எங்கோ படித்தது உண்மையா, முட்டைகளை எடுத்துக் கோழிக்கு அடை வைத்தால் பிழைக்குமா, அந்த இடத்தில் உண்ணிச்செடியை வெட்டிக் கொளுத்தி வேலி போடவிருந்த வேலையை என்ன செய்வது என்பவை அவருடைய கேள்விகள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் அவசரம் இருக்கிறது. முட்டைகளைத் தொட வேண்டாம். இடம் மாற்றவோ, கோழிக்கு அடை வைக்கவோ, மேலே கிளை வெட்டிப் போட்டு நிழல் கட்டவோ வேண்டாம். வெட்டுவதையும் வேலி போடுவதையும் அந்தப் பக்கத்தில் மட்டும் ஆறு வாரம் தள்ளிப் போடுங்கள். மற்ற மூன்று பக்கமும் வேலியை முடித்துக்கொண்டு வரலாம். முட்டை பொரிய ஏறத்தாழ பதினாறு முதல் பதினெட்டு நாள் ஆகும். பொரித்த குஞ்சு மூன்று வாரத்துக்குள் பறக்கப் பழகிவிடும். நீங்கள் பார்த்த அன்றுதான் இட்டது என்று வைத்துக்கொண்டாலும் ஆறு வாரம் போதும். காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கலைப்பதும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டையாகவே கொள்ளப்படும் என்பதையும் சொல்லி வைக்கிறேன். ஆனால் எடுத்துக் காப்பாற்றலாமா என்று கேட்டவருக்குச் சட்டத்தைச் சொல்லி நிறுத்துவது முறையாகாது. ஏன் தொடக் கூடாது என்பதை அந்தப் பறவையின் வாழ்க்கையைக் கொண்டுதான் விளக்க வேண்டும்.

நீங்கள் கண்டது பக்கி. ஆந்தையும் அல்ல, ஆந்தையின் குஞ்சும் அல்ல. இரவில் திரிவதும் சாம்பலும் பழுப்பும் கலந்த நிறமும் தவிர ஆந்தைக்கும் இதற்கும் பொதுவானது குறைவு. ஆந்தைக்கு இரையை இறுகப் பற்றும் வலுவான கால் உண்டு. பக்கியின் கால் நடப்பதற்குக்கூடச் சரியாகப் போதாது. பட்சி என்னும் சொல்லின் பிராகிருத வடிவத்திலிருந்து வந்தது பக்கி; முதலில் எந்தப் பறவைக்கும் பொதுவாக இருந்த சொல், பின்னால் இந்த ஒரு குடும்பத்துக்கே பெயராக நின்றுவிட்டது. பேச்சில் பேராசைக்காரனைப் 'பக்கி' என்று திட்டுகிறார்கள். பறவையைப் பொறுத்தவரை அந்த வசவு பொருந்தவே பொருந்தாது; பகல் முழுவதும் ஒன்றும் தின்னாமல் ஒரே இடத்தில் கிடக்கும் உயிர் அது.

நீலகிரியைச் சுற்றி நான்கு வகைப் பக்கிகளை எதிர்பார்க்கலாம். உங்கள் நிலம் மலைக்கு வடகிழக்கே, தென்மேற்குப் பருவமழை மலையில் மோதி மறுபக்கமே கொட்டித் தீர்த்துவிடுவதால் ஆண்டுக்கு 1000 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெறும் சீகூர் மேட்டுநிலத்தில், முள்ளும் உசிலும் சூரையும் கலந்த புதர்க்காட்டை ஒட்டியிருக்கிறது. அங்கே வெறுந்தரையில் முட்டையிட்டிருப்பது பெரும்பாலும் நான்கிலும் சிறியதான இந்தியப் பக்கியாகத்தான் இருக்கும். 1790இல் ஆங்கிலேயப் பறவையியலாளர் லேத்தம் அறிவியல் பெயர் சூட்டிய இது ஏறத்தாழ 24 சென்டிமீட்டர் நீளம். மைனாவை ஒத்த அளவு. எடை ஐம்பது கிராமுக்கும் குறைவு. உதகை, குன்னூர்ப் பக்கத்துச் சோலையோரங்களிலும் தேயிலைத் தோட்ட விளிம்புகளிலும் அந்தியில் கூப்பிடுவது இதைவிடப் பெரிய காட்டுப் பக்கி. கூடலூர், தெப்பக்காடு போன்ற ஈரம் மிகுந்த காட்டோரங்களில் ஜெர்டான் பக்கி இருக்கிறது. சென்னை மாகாணப் படையில் மருத்துவராக இருந்து, நீலகிரியிலும் சில காலம் தங்கிப் பறவைகளைத் திரட்டிய ஜெர்டான் 1845இல் அதை விவரித்தார். பாறைச் சரிவும் புல்லும் சேர்ந்த இடங்களில் புல்வெளிப் பக்கியும் உண்டு.

கண்ணால் பார்த்து இவற்றைப் பிரிப்பது பழகியவர்களுக்கும் கடினம்; காதால் பிரிப்பது எளிது. இந்தியப் பக்கி, 'சக்... சக்... சக்-சக்-சக்ர்ர்ர்' என்று தொடங்கி விரைந்து முடிக்கும். சிமெண்ட் தரையில் கோலிக்குண்டு ஒன்றைப் போட்டால் முதலில் உயரமாக, பிறகு தாழத் தாழ, இடைவெளி குறையக் குறையத் துள்ளி அடங்குமே, அந்த ஓசைதான். ஒருமுறை கேட்டு இந்தக் கோலிக்குண்டை நினைவில் வைத்துக்கொண்டவர் பிறகு தவறவே மாட்டார். காட்டுப் பக்கி 'தக்கூ தக்கூ தக்கூ' என்று சலிக்காமல் நிமிடக் கணக்கில் அடிக்கும். புல்வெளிப் பக்கி பறந்துகொண்டே 'ச்வீப்' என்று ஒற்றையாகக் கீச்சிடும். ஜெர்டானுடையது மரப்பலகையைத் தட்டுவது போலத் தொடங்கி நீர்த்தன்மையோடு இழுபடும் குரல். இன்று இருட்டும் நேரத்தில் பட்டியருகே பேசாமல் பத்து நிமிடம் நின்றால், உங்கள் பறவை எது என்பதை அதுவே சொல்லிவிடும்.

ஒரு விடியற்காலை, மாவனல்லாவுக்கும் வாழைத்தோட்டத்துக்கும் இடையே சாலையோரத்தில் வண்டியில் அடிபட்டுக் கிடந்த பக்கி ஒன்றை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். உடல் இன்னும் விறைக்கவில்லை. கையில் எடை இருப்பதாகவே தோன்றவில்லை. இறகு முழுவதும் விளக்குத் திரிக்குப் போடும் பஞ்சு போல மெத்தென்று இருந்தது, பறக்கும்போது ஓசை எழாததற்கு அந்த மென்மைதான் காரணம். அலகு என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. ஆனால் அதை மெல்லத் திறந்தபோது வாய் பிளந்துகொண்டே போய்க் கண்ணுக்குக் கீழே வந்து நின்றது. உள்ளே இளஞ்சிவப்பாக, தலையே வாயாக மாறியது போல இருந்தது. வாயின் இரு ஓரமும் கருமையான விறைத்த மயிர்கள், பூனை மீசையைப் போல. பூச்சியை வாய்க்குள் தள்ளும் வலை இது என்று முன்பு எண்ணினார்கள்; பறந்தபடி பிடிக்கும்போது வண்டின் காலும் விட்டிலின் செதிலும் கண்ணில் படாமல் காப்பதே இதன் வேலை என்று எண்ணுபவர்கள் இப்போது அதிகம். காலின் நடுவிரல் நகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். அதன் ஓரம் பேன்சீப்பு போலப் பல்வெட்டாக இருந்தது. இறகைக் கோதிச் சீர்செய்வதற்கு உதவும் நகம் அது. முதுகின் நிறத்தைச் சொல்லால் சொல்வது கடினம். தூரத்தில் சாம்பல், அருகில் வந்தால் சாம்பலில் கருங்கீற்று, இன்னும் அருகில் அந்தக் கீற்றின் ஓரத்தில் காய்ந்த இலையின் செம்பழுப்பு, அதற்குள் மணல்துகள் தூவியது போலப் புள்ளிகள். ஒரே இறகில் சருகும் சாம்பலும் மரப்பட்டையும் இருந்தன.

அந்த நிறம் பறவைக்குத் தரும் பாதுகாப்பு ஒரு நிபந்தனையோடு வருகிறது: அசையக் கூடாது. பக்கியைப் புரிந்துகொள்ள இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். மற்றவையெல்லாம் இதிலிருந்து விளங்கும். அது ஓடாது, கொத்தாது, கூட்டமாகக் கத்தி எதிரியை விரட்டாது. மல்லாந்த கல்லைப் போலக் கிடப்பதுதான் அதன் தற்காப்பு. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சித்திரை மாதப் பகலில், அந்தப் பக்கத்து இருளர் பெரியவர் ஒருவரோடு நடந்துகொண்டிருந்தேன். திடீரென்று கையை நீட்டி என்னை மறித்து, ஐந்து அடி தொலைவில் இருந்த இடத்தைக் கோலால் காட்டினார். நான் பார்த்தேன், கல், சருகு, சூரைமுள், மறுபடி கல். "அந்தக் கல்லுக்கு இந்தப் பக்கமா பாருங்க. அது கல்லில்லைங்க" என்றார். அதன் பிறகும் எனக்கு இரண்டு நிமிடம் பிடித்தது. கடைசியில் தெரிந்தது பறவையின் உருவம் அல்ல. ஒரு 'கல்'லின் மேல் நூலிழை அளவுக்கு ஒரு கீறல், அதற்குள் ஈரமான கருமை. கண்ணை மூடிய இமையின் இடுக்கு வழியாக அது எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பெரிய கரிய கண் முழுதாகத் திறந்திருந்தால் நானும் உடனே கண்டுபிடித்திருப்பேன். அதனால்தான் பகலில் யாராவது நெருங்கினால் பக்கி கண்ணை இடுக்கிக்கொள்கிறது.

இதைக் கண்கூடாகப் பார்த்ததோடு நில்லாமல், அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் சாம்பியா நாட்டில், தரையில் முட்டையிடும் பக்கிகளையும் வேறு சில பறவைகளையும் இங்கிலாந்து ஆய்வாளர்கள் எதிரிகளின் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று கணக்கிட்டு ஆராய்ந்தார்கள். ஒவ்வொரு தனிப் பறவையும் தன் உடலின் வண்ணத்துக்கு ஒத்துப்போகும் தரையையே தேர்ந்தெடுத்து அமர்கிறது என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. பொதுவாகப் பக்கிக்குப் பொருந்தும் தரை என்று இல்லாமல், இந்தப் பக்கிக்கு இந்தத் தரை என்ற அளவுக்கு நுணுக்கமான தேர்வு அது. தரையோடு நன்றாக ஒத்திருக்கும் பக்கி, ஆள் மிக அருகில் வரும்வரை எழாமல் இருக்கும் என்பதும் அதே ஆய்வாளர்கள் கண்டதுதான். உங்கள் பறவை காலடியில் வந்து எழுந்ததன் பொருள் இப்போது விளங்கும்: தன்னை நீங்கள் காணவில்லை என்பதில் அதற்குக் கடைசி நொடி வரை நம்பிக்கை இருந்தது.

கூடு இல்லாததும் இதே காரணத்தால்தான். சருகைச் சேர்த்து, குச்சியை அடுக்கி ஒரு கிண்ணம் செய்தால், பறவை மறைந்தாலும் கூடு காட்டிக்கொடுத்துவிடும். காக்கைக்கும் கீரிக்கும் உடும்புக்கும் அது ஓர் அடையாளம். ஆகவே பக்கி எதையும் கட்டுவதில்லை. மேலே இருக்கும் தன் உடலையே கூரையாகவும் மறைப்பாகவும் வைத்துக்கொள்கிறது. முட்டைகளின் இளஞ்சிவப்பு வெளியில் கிடக்கும்போது கொஞ்சம் எடுப்பாகத் தெரிவதை நீங்களே கவனித்திருக்கிறீர்கள். பறவை எழுந்துபோன பிறகுதான் அவை எடுப்பாகத் தெரிகின்றன. பக்கியை எழுப்பிவிட்டவர் அதன் கூட்டைக் கலைத்தவரே ஆகிறார்.

இன்னொரு காரணம் இதைவிட முக்கியம், அதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அடைகாத்தல் என்றால் சூடு கொடுப்பது என்றே நாம் நினைத்துப் பழகியிருக்கிறோம். கோழியைப் பார்த்து வந்த எண்ணம் அது. சீகூர்ப் பக்கத்தில் பங்குனி, சித்திரை மாத நண்பகலில் அந்தச் சரளைமேல் வெறுங்காலை வைத்துப் பாருங்கள், வைத்த காலை உடனே எடுத்துவிடுவீர்கள். அந்தத் தரையில் கிடக்கும் முட்டைக்கு அந்த நேரத்தில் தேவை நிழல். பகல் முழுவதும் தாய் அங்கே கிடப்பது முட்டை வெந்துவிடாமல் தன் உடலால் மறைப்பதற்காகத்தான். தனக்கு வெப்பம் தாங்காதபோது வாயைச் சற்றுத் திறந்து தொண்டைத் தோலை விரைந்து துடிக்கவைத்து, ஈரத்தை ஆவியாக்கி உடலைக் குளிர்விக்கும். ஆனால் இடத்தை விட்டு எழாது. நண்பகலில் ஒருவர் ஆர்வத்தோடு போய் நின்று, பறவையை எழுப்பிவிட்டு, கைப்பேசியில் முட்டையைப் படம் எடுத்துக்கொண்டு, அது திரும்பி வருகிறதா என்று அருகிலேயே காத்திருந்தால், அந்தக் கால் மணி நேரத்தில் உள்ளே இருக்கும் கரு செத்துவிடலாம். முட்டை உடையாமல் அப்படியே இருக்கும்; பறவையும் வந்து உட்காரும்; பொரிக்காது. பார்த்தவருக்குத் தன்னால் ஒரு கெடுதல் நேர்ந்தது என்பதே தெரியாமல் போய்விடும். எனக்கு இதில்தான் மிகுந்த கவலை. நிழல் கட்டும் எண்ணமும் உதவாது. மேலே கிளையைப் போட்டால் நாலாபக்கமும் பார்த்துக் கிடக்கும் பறவைக்குப் பார்வை மறையும்; புதிதாக முளைத்த ஒன்றைக் கண்டு அது முட்டையையே கைவிட்டாலும் வியப்பதற்கில்லை.

கோழிக்கு அடை வைப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோழி அடைகாத்துப் பொரிக்கவைத்தாலும் அடுத்த நாளே அந்தக் குஞ்சு பட்டினி கிடக்கும். கோழிக்குஞ்சு தானே கொத்தித் தின்னும். பக்கிக்குஞ்சுக்கு அது தெரியாது. பெற்றோர் பறந்து பிடித்த பூச்சிகளைத் தொண்டையில் உருண்டையாகச் சேர்த்து வந்து அதன் வாய்க்குள் கக்க வேண்டும். ஈசலும் விட்டிலும் வண்டும் இரவெல்லாம் பிடித்துவந்து ஊட்ட உங்களாலும் முடியாது, கோழியாலும் முடியாது.

சிறகொடிந்தது போலத் துடித்தது நடிப்பு. முட்டையோ குஞ்சோ உள்ள தாய், எதிரி மிக நெருங்கிவிட்டால் கைக்கு எட்டும் இரையைப் போலத் தன்னைக் காட்டி, அவரைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போகும். போதிய தூரம் வந்ததும் எழுந்து பறந்துவிடும். அடுத்த முறை அப்படிச் செய்தால், அதன் பின்னாலேயே கொஞ்ச தூரம் நடந்து, அப்படியே வேறு வழியாகப் போய்விடுங்கள். அதுதான் அதற்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய மரியாதை.

சாலையில் சிவப்புக் கண்ணோடு உட்கார்ந்திருப்பதும் இதே பறவைதான், அல்லது இதன் இனத்தவை. விழித்திரையில் உள்ளே விழுந்த ஒளியைத் திருப்பி அனுப்பும் அமைப்பு இருப்பதால், குறைந்த வெளிச்சமும் அதற்கு இருமுறை பயன்படுகிறது. நம் வண்டி விளக்குப் பட்டால் அந்த ஒளிதான் கங்கு போலத் திரும்பி வருகிறது. பக்கி கண்ணால் வேட்டையாடும் பறவை. தாழ உட்கார்ந்து வானத்தை அண்ணாந்து பார்த்தால், பறக்கும் பூச்சி வானத்தின் மங்கிய வெளிச்சத்தில் கருநிழலாகத் தெரியும். உடனே எழுந்து வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு பழைய இடத்துக்கே வந்து உட்காரும். அடர்ந்த புதருக்குள் இதற்கு வேண்டிய வானம் கிடைப்பதில்லை. சாலைக்கு மேலே கிடைக்கிறது. பகலில் ஏறிய சூட்டைத் தார்ச்சாலை நெடுநேரம் வைத்திருப்பதும் அது அங்கே வரக் காரணம் என்பார்கள். நிலாக் காலத்தில் இரவு முழுவதும் வேட்டை நடக்கும். நிலவில்லாத நாளில் அந்தியிலும் விடியலுக்கு முன்பும் உள்ள சிறு பொழுதில்தான் பெரும்பாலும் வயிற்றை நிரப்பியாக வேண்டும்.

அசையாமல் இருப்பது என்ற பாதுகாப்பு இங்கேதான் அதற்கு எமனாகிறது. வல்லூறு வந்தாலும் நரி வந்தாலும் கடைசி நொடி வரை அசையாமல் கிடந்து தப்பித்த பறவை, ஜீப் வந்தாலும் அப்படியே கிடக்கிறது. அந்த நொடியை அது நடந்து வரும் எதிரியின் வேகத்துக்குக் கணக்கிட்டு வைத்திருக்கிறது. மணிக்கு அறுபது கிலோமீட்டரில் வருவதற்கு அல்ல. விளக்கொளி கண்ணைக் கூசவைப்பதும் சேர்ந்துகொள்கிறது. கூடலூரிலிருந்து மைசூருக்குப் போகும் நெடுஞ்சாலையைப் பந்திப்பூர்க் காட்டுக்குள் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடும் ஏற்பாடு 2009இல் வந்தது. யானையையும் புலியையும் மானையும் மனத்தில் கொண்டு வந்த தடைதான். ஆனாலும் அந்த ஒன்பது மணி நேரம் சாலை பக்கிகளுக்கும் கிடைக்கிறது. குறை என்னவென்றால், அவை மும்முரமாக வேட்டையாடும் அந்திப்பொழுது 9 மணிக்கு முன்பே வந்துவிடுகிறது. தங்கும் விடுதிகளுக்குத் திரும்பும் வண்டிகளும் அந்த நேரத்தில்தான் விரைகின்றன. இருட்டிய பின் சீகூர்ப் பக்கம் ஓட்டும்போது முன்னால் சிவப்புப் பொட்டு தெரிந்தால் வேகத்தைத் தணித்து, விளக்கைத் தாழ்த்துங்கள். நிறுத்த வேண்டியிருந்தாலும் யானை நடமாடும் பாதை என்பதால் இறங்க வேண்டாம், ஹாரனும் அடிக்க வேண்டாம். சில நொடிகளில் அதுவே எழுந்து போய்விடும்.

ஆட்டுப்பால் கதை நம்மூரில் பிறந்ததல்ல. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் எழுதிவைத்தார். பிறகு முதல் நூற்றாண்டில் உரோமானியரான பிளினி, இப்பறவை இரவில் பட்டிக்குள் புகுந்து வெள்ளாட்டின் மடியில் பால் உறிஞ்சும், அந்த மடி வற்றிவிடும், ஆட்டுக்குக் கண்ணும் போய்விடும் என்று எழுதினார். 1758இல் சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் இந்தப் பேரினத்துக்குக் காப்ரிமுல்கஸ் என்று பெயர் வைத்தபோது அந்தப் பழியும் பெயரோடு ஒட்டிக்கொண்டது. இலத்தீனில் அதற்கு 'ஆட்டில் பால் கறப்பது' என்று பொருள். இது முழுக்கப் பொய். அந்த வாயால் உறிஞ்சவே முடியாது. அதில் உதடும் இல்லை, பல்லும் இல்லை. பட்டியருகே பக்கி வருவது உண்மை. ஆடு இருக்கும் இடத்தில் புழுக்கை இருக்கும், புழுக்கை இருக்கும் இடத்தில் வண்டும் ஈயும் இருக்கும், அவற்றைத் தேடி அது வருகிறது. உங்கள் ஆட்டைச் சுற்றும் பூச்சியைத் தின்று போகும் பறவைக்கு இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாகத் திருட்டுப் பட்டம் இருப்பது எனக்கு மனவருத்தம் தரும் செய்தி.

உண்ணிச்செடியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதை வெட்டுவது தவறில்லை; சொல்லப் போனால் பக்கிக்கு நன்மையே. அடர்ந்து மண்டும் உண்ணி, தரையை மூடிவிடுகிறது. பக்கிக்கு வேண்டியது அங்கங்கே முள்ளும் இடையிடையே திறந்த சரளையும் சருகும் உள்ள நிலம். மாயாற்றுப் பள்ளத்தாக்கின் பக்கம் சீமைக் கருவேலமும் இதே வேலையைச் செய்கிறது. ஆனால் கொளுத்த வேண்டாம், வெட்டி வேரோடு எடுங்கள். தீ முட்டையையும் பறக்கத் தெரியாத குஞ்சையும் சருகையும் வேறுபடுத்திப் பார்க்காது. வெட்டிய இடத்தில் உடனே வரிசையாக மரக்கன்று நட்டுப் பசுமையாக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், அந்த யோசனையை ஏற்காதீர்கள். இதை நான் சற்று அழுத்தியே சொல்ல விரும்புகிறேன். வருவாய்க் கணக்கில் தரிசு என்றும் புறம்போக்கு என்றும் எழுதப்படும் இந்த முட்காடு, எதுவும் இல்லாத இடம் அல்ல; மழை குறைந்த மலையடிவாரம் தானாக எடுத்துக்கொண்ட உருவம் அது. பக்கியும் ஆட்காட்டியும் கௌதாரியும் அந்தத் திறந்த தரையை நம்பித்தான் முட்டையிடுகின்றன. உலக அளவில் இந்தியப் பக்கி இன்று அழியும் பட்டியலில் இல்லை, பரவலாகவே இருக்கிறது. இருந்தும் ஒரு குறிப்பிட்ட முட்காடு தோப்பாகவோ மனையாகவோ மாறினால் அங்கே அந்திக் குரல் நின்றுபோவதை நான் கேட்டிருக்கிறேன்.

இந்த ஆறு வாரத்துக்கு நீங்கள் செய்ய வேண்டியது சிறிதுதான். முட்டை இருக்கும் இடத்திலிருந்து பத்தடி தள்ளி, அங்கேயே கிடக்கும் கற்களில் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து உங்களுக்கு மட்டும் தெரியும்படி அடையாளம் செய்துகொள்ளுங்கள். துணியோ கொடியோ கட்டினால் காக்கைதான் முதலில் வந்து என்னவென்று பார்க்கும். ஆட்டை அந்தப் பக்கம் ஓட்டாமல் சுற்றி ஓட்டுங்கள். பட்டி நாயைப் பகலில் கட்டிவையுங்கள். போய்ப் பார்க்கவே வேண்டும் என்று தோன்றினால் காலை வெயில் ஏறுவதற்கு முன், தூரத்திலிருந்து பாருங்கள், அருகில் போக வேண்டாம். கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கும் பழக்கம் இப்போது சுற்றுலா வருபவர்களிடம் இருக்கிறது; உங்கள் நிலத்தில் அதற்கு இடம் கொடுக்காதீர்கள். போட்டிக்கு இன்னொரு பறவை வந்துவிட்டதாக எண்ணி, ஆண்பறவை அதை விரட்டுவதிலேயே வேட்டைப் பொழுதை இழந்துவிடும்.

ஒரு நாள் காலையில் பார்க்கும்போது முட்டை இரண்டும் அங்கே இருக்காது. பாம்பு தின்றுவிட்டதோ என்று மனம் சோர வேண்டாம். பக்கிக்குஞ்சு கண் திறந்து, உடம்பெல்லாம் மென்தூவியோடு பிறக்கும். ஓரிரு நாளிலேயே தாயின் மெல்லிய குரலைக் கேட்டு அதை நோக்கித் தத்தி நகர்ந்து இடம் மாறிவிடும். சருகுக்கிடையே வெளிறிய ஓட்டுச் சில்லு ஒன்றிரண்டு தென்பட்டால், அவை பொரித்துவிட்டன, உங்களைச் சுற்றிச் சில அடிகளுக்குள் எங்கோ தரையோடு தரையாகப் படுத்திருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். தேடிக்கொண்டு அங்குமிங்கும் நடக்காதீர்கள். வந்த காலடித் தடத்திலேயே பார்த்துப் பார்த்துக் கால்வைத்துத் திரும்பிவிடுங்கள்.